சேந்தனின் எர்த் கம்பியாகிய நான்

கட்டுகஸ்தோட்டை,
கண்டி.
ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்.

பாசத்துக்குரிய தங்கச்சி லீலாதேவி அறிவது,

நீயும் மச்சானும் யாழ்ப்பாணத்தில் பூரண சுகத்தோடு இருப்பீர்கள் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஏனென்றால் உங்கள் மகன் இங்கே என் வீட்டில் இருக்கிறான்.

போன கிழமை நீ தொலைபேசியில் கேட்டாய்: "அண்ணை, சேந்தன் உங்களுக்குக் கரைச்சல் குடுக்கிறானோ? அப்பிடியெண்டா சொல்லுங்கோ, நான் வந்து அவனைக் கம்பஸ் ஹொஸ்டலில விட்டிட்டுப் போறன்." அவன் பக்கத்திலேயே நின்றபடியால் "சீச்சீ, தங்கமான பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அது பச்சைப் பொய். உண்மையை இப்போது எழுத்தில் தருகிறேன். வா. வருகிற சனிக்கிழமையே வா. ஒரு லொறியும் பிடித்துக்கொண்டு வா. லொறி உன் மகனுக்கில்லை, அவன் செய்து வைத்திருக்கிற பெட்டிக்கு.

பேராதனையில் பொறியியல் படிக்கிற பிள்ளை, நாளைக்கு மகாவலிக்குக் குறுக்கே பாலம் போடுவான், மாமன் அதில் முதல் ஆளாக நடந்து போகலாம் என்று நான் கனவு கண்டுகொண்டிருக்க, அவன் என் பின்னறையைப் பூட்டிக்கொண்டு பேஸ் கிற்றார் ஒன்று செய்தான். வாங்கவில்லை, தங்கச்சி, செய்தான். ஏன் கடையில் வாங்கக் கூடாது என்று கேட்டதற்கு, "கடையில வாங்கிறதில ஆன்மா இல்லை மாமா" என்றான். ஆன்மா வேண்டுமென்றால் கோயிலுக்குப் போகலாமே. அந்தக் கிற்றாருக்கு நாலே நாலு கம்பி. ஊரில் உள்ள மற்றக் கிற்றார்களுக்கெல்லாம் ஆறு இருக்கிறதே, மிச்ச இரண்டையும் ஆர் களவெடுத்தது என்று கேட்டேன். என்னைப் பார்த்து ஒரு பரிதாபச் சிரிப்பு சிரித்தான். அதற்குக் கழுத்து எங்கேயிருந்து வந்ததென்றால், என் கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்திலிருந்து வந்தது. இப்போது நான் படுத்தால் தலையணை சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் விழுந்து, விடிய எழும்பும்போது என் தலை ஓர் அறையிலும் உடம்பு இன்னோர் அறையிலும் கிடக்கிறது.

அதோடு விட்டானா. பேஸ் கிற்றாரை வெறுமனே மீட்டினால் நுளம்பு கொட்டாவி விட்டது போலத்தான் கேட்கும், அதற்கென்று தனி அம்ப்ளிபயர் வேண்டுமாம். அதையும் செய்தான். உன் மச்சாள் றஞ்சனாவின் பலாமர அலுமாரி உனக்கு ஞாபகம் இருக்கும், கலியாணத்துக்கு அவளின் தகப்பன் ஆள் வைத்துச் செய்து தந்தது. அதன் இரண்டு கதவுகளும் கழன்று, ஸ்பீக்கர் பூட்டுகிற பெட்டியாக மறுபிறவி எடுத்துவிட்டன. இப்போது அவளின் சேலைகள் வீட்டுக்கு வருகிற ஆட்களையெல்லாம் நேரே பார்த்துக்கொண்டு நிற்கின்றன. பெட்டி எவ்வளவு பாரமென்றால், அதைப் பின்னறையில் வைத்த நாளிலிருந்து வீடு அந்தப் பக்கமாகச் சரிந்து, முன் விறாந்தையில் விழுகிற தோடம்பழம் தானாகவே உருண்டு குசினிக்குப் போகிறது. றஞ்சனாவுக்கு அதுவொரு வசதிதான், ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

முதல் முறை அதைப் போட்ட அன்று என்ன நடந்ததென்று கேள். ஆகத் தடித்த கம்பியை ஒரேயொரு தட்டு. பெரஹரா ஊர்வலத்தில் வருகிற யானைகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வயிற்றுவலி வந்தாற்போல ஒரு சத்தம். ஷோகேசில் இருந்த பீங்கான்கள் வரிசையாக நடந்து விளிம்பு வரை வந்து கீழே எட்டிப் பார்த்தன. என் பல்செற் தண்ணீர்க் கிளாசுக்குள் கிடந்தபடியே சிரித்தது. ஹந்தானை மலை ஓர் அங்குலம் பின்வாங்கியதை நான் என் கண்ணால் கண்டேன், நில அளவைக்காரர்கள் மறுத்தால் மறுக்கட்டும். பக்கத்து வீட்டு பாரூக் நானா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

"என்ன ஐயா, ஊட்டுக்குள்ள ஜெனரேட்டர் ஒண்டு வச்சீக்கீங்களா? எங்கட கெணத்துத் தண்ணி நடுங்குது."

"அது சங்கீதம், நானா" என்றேன், குடும்ப மானத்தைக் காப்பாற்ற.

"அப்ப டொக்டர்ட்ட காட்டுங்க" என்றுவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

சரி, சத்தமாவது ஒழுங்காக வந்ததா என்றால் அதுவுமில்லை. அவன் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அந்தப் பெட்டி 'ஙொய்ய்ய்' என்று இரைந்துகொண்டே இருந்தது. ஒரு கிழமையாக அந்த இரைச்சலுக்கு வைத்தியம் பார்த்தான். பால்மா டின்னை வெட்டிக் கிற்றாரின் வயிற்றுக்குள் ஒட்டினான், சொக்கலேற் சுற்றுகிற வெள்ளித்தாளை ஒட்டினான், அதற்காக அத்தனை சொக்கலேற்றையும் தானே தின்றான், ஈயம் உருக்குகிற கோலை என் பென்சன் கடிதக் கோப்பின் மேல் வைத்து அதில் சரியான வட்டத்தில் ஒரு துளை போட்டான். இரைச்சல் மட்டும் போகவில்லை. கடைசியில் பொறுமை கெட்டு, அந்தச் சனியனைப் பிடுங்கி மகாவலியில் எறிவதென்ற முடிவோடு உள்ளே போனேன். கிற்றாரிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்த ஒரு செப்புக் கம்பியோடு சேர்த்து அதைப் பிடித்தேன். பிடித்ததுதான் தாமதம், இரைச்சல் நின்றது. கோயில் கதவு சாத்தியது போல அமைதி.

"மாமா, கையை எடுக்காதேங்கோ" என்றான் உன் மகன்.

எடுத்தேன். ஙொய்ய்ய். தொட்டேன். அமைதி.

"மாமா, உங்கட உடம்பு நல்ல எர்த் மாமா."

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற உதவிக் கல்விப் பணிப்பாளர். நான் வருகிறேன் என்றால் மாகாணத்துப் பாடசாலைகளில் பிள்ளைகளோடு சேர்ந்து மரங்களும் எழுந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. அப்படிப்பட்டவனை உன் மகன் ஓர் உதிரிப்பாகம் ஆக்கிவிட்டான். கம்பியைத் தன் காலில் கட்டிப் பார்த்தானாம், வாசிக்கும்போது துள்ளுகிற துள்ளலில் கழன்றுவிடுகிறதாம். றஞ்சனாவின் கையில் கொடுத்தால் அவள் அடுப்பைப் பார்க்க ஓடிவிடுகிறாளாம். ஒரே இடத்தில் அசையாமல் இருக்கக்கூடிய பொருள் இந்த வீட்டில் நான் ஒருவன்தானாம். அன்றிலிருந்து பின்னேரம் முழுக்க ஒரு கையில் பேப்பர், மறு கையில் கம்பி, கதிரையில் நான். தேத்தண்ணி கொண்டுவந்த றஞ்சனா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இந்த மனிசன் ஒரு வேலைக்கு உதவினது இதுதான்" என்றாள். வாய்க்கு வாய் பதில் சொல்லியிருப்பேன், எழும்பினால் இரைந்துவிடும்.

இனித்தான் உச்சக்கட்ட அவமானம். எங்கள் பக்கத்துத் தமிழர் நலன்புரிச் சங்கத்தின் ஆண்டு விழாவில் இவனும் கம்பஸ் சிநேகிதர்களும் சேர்ந்த பாட்டுக் கூட்டத்துக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். "மாமா, நீங்க திரைக்குப் பின்னால இருக்கலாம், ஒருத்தருக்கும் தெரியாது" என்று சத்தியம் செய்தான். போய்ப் பார்த்தால் கம்பி கட்டை. திரைக்குப் பின்னால் எட்டவில்லை. ஆகவே மேடையில், பலாமரப் பெட்டிக்குப் பக்கத்தில், ஒரு கதிரை. மேடை என்றால் வேட்டிதான் என்று றஞ்சனா பிடித்த பிடியில் நான் பட்டுக்கரை வேட்டி, சால்வை, திருநீற்றோடு உட்கார்ந்திருந்தேன்.

நம்முடைய ஆட்களின் குணம் உனக்குத் தெரியும். மேடையில் வேட்டி கட்டிக்கொண்டு ஒரு கிழவன் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் கௌரவ விருந்தினர்தான். அதற்குமேல் விசாரணை இல்லை. சங்கச் செயலாளர் மருதவீரன், புசல்லாவைப் பக்கத்து மனிதர், நல்லவர், ஆனால் பொன்னாடையைக் கண்டால் யாருக்காவது போர்த்தாமல் கை நிற்காது. இரண்டாவது பாட்டு முடிந்ததும் வந்தார். "நம்ம இளைஞர்களுக்குத் தொணையா மேடையிலேயே வந்து ஒக்காந்திருக்கிற ஐயா அவங்களுக்கு" என்று பொன்னாடையைப் போர்த்தினார். மாலை போட்டார். பிறகு, "ஐயா, வாங்க, ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று என் கையைப் பிடித்து எழுப்பினார். கம்பி கழன்றது. ஙொய்ய்ய் என்று மண்டபம் முழுக்க அதிர்ந்ததில் முன்வரிசைக் குழந்தைகள் எல்லாம் ஒரே சுருதியில் அழத் தொடங்கின. நான் பாய்ந்து உட்கார்ந்து கம்பியைப் பிடித்தேன். அமைதி. சனம் திகைத்துப் போய்க் கைதட்டியது. நான் உட்கார்ந்தால் உலகம் அடங்குகிறது என்று நினைத்திருப்பார்கள்.

"ஐயா எந்திரிக்க வேணாம், மைக்கை அங்க கொண்டு போங்கப்பா" என்றார் மருதவீரன்.

வேறு வழியில்லாமல், கம்பியைப் பிடித்தபடியே, இளைஞரும் இசையும் என்ற பொருளில், மிகச் சுருக்கமாக, ஒரு முக்கால் மணி நேரம் பேசினேன். இடையிடையே பின்னால் நின்று உன் மகன், "மாமா, காணும். மாமா, எங்கட நேரம் முடியுது" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். மரியாதை தெரியாத பிள்ளை. அவன் சத்தம் கூடியபோதெல்லாம் கம்பியிலிருந்து ஒரு விரலைக் கொஞ்சம் தூக்கினேன், அடங்கிவிட்டான். பேசி முடிய, அவர்களின் அரை மணியும் முடிந்திருந்தது. மிச்சப் பாட்டு பாடவில்லை. ஒருவரும் கேட்கவுமில்லை.

இப்படியெல்லாம் ஒரு மனிதனை மேடையேற்றி அவமானப்படுத்தலாமா? இனி என்னால் ஏலாது. ஆகவே மேலே எழுதியபடி சனிக்கிழமை லொறியோடு வந்து, பிள்ளையையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போ. அலுமாரிக் கதவுகளை மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் போ. மச்சானின் முழங்கால் வலி குறையவும், உனக்கு நிம்மதி பெருகவும், உங்கள் வீட்டில் கம்பி உள்ள எந்தப் பொருளும் நுழையாதிருக்கவும் எல்லாம் வல்ல இறைவன் காத்தருள்வாராக.

இப்படிக்கு,
பொறுமையின் எல்லையில் நிற்கும் உன் அண்ணன்,
ச. இராஜரத்தினம்,
உதவிக் கல்விப் பணிப்பாளர் (ஓய்வு).

பி.கு.: கடிதத்தை உறையில் போடப் போனபோது மருதவீரன் தொலைபேசி எடுத்தார். வருகிற மாதம் மடுல்கெல்லயில் ஒரு விழாவாம், அதன் பிறகு புசல்லாவையில் ஒன்றாம், "ஐயா கண்டிப்பா வந்து ஒக்காரணும், அந்த மருமகன் கூட்டத்தையும் கூட்டிட்டு வாங்க" என்றார். இதற்குள் உன் மகன் ஓடி வந்து, பிழையைக் கண்டுபிடித்துவிட்டானாம், கிற்றாரில் கம்பிகளைத் தாங்குகிற பாலத்துக்குக் கீழே ஒரு கம்பியை ஈயத்தால் ஒட்ட மறந்திருந்தானாம், இப்போது ஒட்டியாயிற்றாம், இரைச்சல் அறவே இல்லையாம், "இனி நீங்க தேவையில்லை மாமா, ஆறுதலா வீட்டில இருங்கோ" என்றான். பிறகு குளிக்கப் போனான். அவன் குளித்து முடிப்பதற்குள் அந்தக் கம்பியை என் நகவெட்டியால் வெட்டிவிட்டேன். ஆகவே லொறி வேண்டாம், நீயும் வராதே. பிள்ளை இங்கேயே இருந்து, கலாநிதிப் பட்டம் வரைக்கும் ஆறுதலாகப் படிக்கட்டும். உங்கள் பக்கத்தில் நல்ல பட்டுக்கரை வேட்டி கிடைத்தால் இரண்டு அனுப்பி வை. போட்டதையே போட்டுக்கொண்டு எல்லா மேடைக்கும் போக முடியாது.