இல்லாத மாடிக்கு வந்த தண்ணீர்

குடிநீர் இணைப்புக்கான விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம், 'தளம்'. தையல்காரம்மா அதில் உள்ளது உள்ளபடி 'தரைத்தளம்' என்று எழுதிக் கொடுத்தாள். முழங்கால் வலியோடு தெருமுனைக் குழாயிலிருந்து தினமும் எட்டுக் குடம் சுமக்கிறவளுக்குப் பொய் எழுதத் தெம்பு ஏது?

குமாஸ்தா தட்டினார். 'செல்லாத மதிப்பு. எண் மட்டுமே ஏற்கப்படும்' என்று கணினி சிவப்பில் முறைத்தது. அவர் அசரவில்லை. அதையே மெதுவாகத் தட்டினார். பிறகு மரியாதைக்காக எழுந்து நின்று தட்டினார். சிவப்பு போகவில்லை.

"பூஜ்யம்னு போடுங்களேன்," என்றாள்.

போட்டார். 'மனுதாரர் எங்கும் வசிக்கவில்லை' என்றது கணினி.

விவகாரம் மேலதிகாரியிடம் போனது. "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா. உங்க வீட்டைத்தான் தப்பாக் கட்டியிருக்காங்க."

"அந்தக் கட்டத்துல எழுத்தும் போடலாம்னு மாத்திட்டா போச்சே, சார்?"

"அதுக்கு நிபுணர் வரணும். அவரைக் கூப்பிடுற மனுவுலயும் இதே கட்டம்தான். நம்ம ஆபீசும் தரைத்தளமாச்சே!"

கடைசியில் குமாஸ்தா தளத்துக்கு நேராக 1 என்று போட்டார். திரை பச்சையானது. அலுவலகமே கைதட்டியது.

மறுநாள் குழாய்க்காரர் உத்தரவோடு வந்தார். "ஒண்ணாம் மாடி எங்கம்மா?"

"மாடியே இல்லப்பா."

"உத்தரவுல இருக்கே!"

கூரைக்கு மேலே கம்பி நட்டு, பன்னிரண்டடி உயரத்தில் குழாயை மாட்டிவிட்டுப் போனார். தையல்காரம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தண்ணீர் வந்ததே, அதுவே பெரிசு என்று ஏணி ஒன்று வாங்கினாள்.

வேடிக்கை பார்த்த தெருவுக்குப் பொறாமை தாங்கவில்லை. மாடியில்லாதவர்கள் எல்லாரும் 1 என்று எழுதிக் கொடுத்தார்கள். உயரக் குழாய் இல்லாத வீட்டில் சம்பந்தம் பேசவே யோசித்தார்கள். ஏணிகளுக்கு உறை தைத்துக் கொடுத்தே தையல்காரம்மாவுக்குக் கை ஓய்ந்துபோனது.

அலுவலகமும் தன்னை ஒன்றாம் தளம் என்றே எழுதி மனு அனுப்பியதில் நிபுணர் வந்துவிட்டார். மாடிப்படியைத் தேடி அரைமணி நேரம் அலைந்தவர், ஐந்தே நிமிடத்தில் அந்தக் கட்டத்தில் எழுத்தும் ஏறும்படி செய்தார். "இனி தரைத்தளம்னே போடலாம். நாளைக்கே எல்லாக் குழாயையும் கீழே இறக்கிடலாம்."

அன்று மத்தியானமே தெரு திரண்டு வந்தது. முன்னால் தையல்காரம்மா.

"என்னம்மா, நீங்க கேட்டதுதானே?" என்றார் மேலதிகாரி.

"கேட்டேன் சார். அப்ப எனக்கு விவரம் பத்தல. குழாயைக் கீழே இறக்கிட்டா, நேத்துதான் மனுப் போட்டு இன்னும் உயரக் குழாய் வராத எதிர்வீட்டுக்காரியும் நானும் ஒண்ணாயிடுவோமே! பழையபடி எண் மட்டும் ஏத்துக்கறாப்ல பண்ணிக் கொடுங்க." சொல்லிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

மேலதிகாரி நெகிழ்ந்துபோனார். மாலைக்குள் அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஏறியது: 'பொதுமக்களின் ஏகோபித்த வேண்டுகோளை ஏற்று, பிழை மீண்டும் நிறுவப்பட்டது.'