டயம் சார் வீட்டுக் கல்யாணம்

புதுப்பட்டினத்தில் மீன் வாங்க வருகிறவர்களுக்கு வஞ்சிரம் விலை தெரியாமல் இருக்கலாம். டயம் சாரைத் தெரியாமல் இருக்காது. இந்தக் கடற்கரைக்கு அணு ஆராய்ச்சி செய்ய வந்த முதல் தலைமுறை விஞ்ஞானி. ஓய்வுக்குப் பிறகு எங்கள் எதிர் வீடு. மணி என்ன என்று கேட்டால் தொலைந்தோம். "யாரோட மணி?" என்று ஆரம்பிப்பார்.

உயரத்தில் காலம் வேகமாக ஓடும், தரையில் மெதுவாகப் போகும் என்பார். "அப்ப மாடியில வச்சா மீனு சீக்கிரம் கெட்டுப்பூடுமா சார்?" என்று மீன்காரம்மா ஒருநாள் கேட்டார். சார் உண்மையாகவே யோசித்தார். "கெடும்மா. ஆனா உன் மூக்குக்குத் தெரியாது."

அவர் மகளுக்குத் திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம். மாப்பிள்ளை செய்யூர்ப் பக்கம். வழியில் மாப்பிள்ளை வந்த வேன் பஞ்சர். மறுபடி கிளம்புவதற்குள் முகூர்த்தம் தாண்டிவிட்டது. முன்னாலேயே வந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, வேர்க்கடலை வியாபாரி, துண்டை உதறி எழுந்தார். "நேரம் தப்பிப்பூச்சு. வேற நாள் பாத்துக்கலாம்." மணமகள் அறையில் அழுகைச் சத்தம்.

சார் மைக்கைப் பிடித்தார். "முகூர்த்தம் நமக்குத்தான் முடிஞ்சுது. ஓடற வண்டியில காலம் மெதுவா போகும். மாப்பிள்ளைக்கு இன்னும் மிச்சம் இருக்கு."

பெரியப்பா நின்றார். "எவ்ளோ மிச்சம் கீது?"

கால் மணி நேரம் என்று ஒரு பொய் போதும். சாருக்கு அது வராது. "கண் சிமிட்டற நேரத்துல கோடியில ஒரு பங்குகூட இல்லீங்க."

பெரியப்பா செருப்பைத் தேடினார். சார் தட்டிலிருந்த தாலியை எடுத்தார்.

"இந்தத் தங்கம் பூமியில உண்டானது இல்ல. பூமி பொறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு செத்த நட்சத்திரம் மோதிக்கிச்சு. அதுல சிதறினது." மணமேடையில் 'செத்த' என்றதும் ஐயர் காதைப் பொத்திக்கொண்டார். "எங்கெங்கேயோ அலைஞ்சு என் பொண்ணு கழுத்துக்கு வந்திருக்கு. நாம இன்னும் கொஞ்சம் காத்திருக்கக் கூடாதா?" கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

பெரியப்பா அவரையே பார்த்தார். பிறகு முன் வரிசையில் உட்கார்ந்தார். "ரெண்டும் ஏன் மோதிக்கிச்சு?"

சார் விளக்கினார். நாதஸ்வரக்காரர் ஒரு சந்தேகம் கேட்டார். சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார். நம் ரத்தத்து இரும்பு, எலும்புச் சுண்ணாம்பு எல்லாம் நட்சத்திரம் தந்ததுதான் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வந்து நின்றதையே யாரும் கவனிக்கவில்லை. ஐயர்தான் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அடுத்த லக்னம் பிறந்துவிட்டது, அதுவும் நல்லதுதான் என்றார். பெரியப்பா முதல் ஆளாக அட்சதை போட்டார்.

மாலையில் பெண்ணை வழியனுப்பிவிட்டு சார் காலிப் பந்தியில் தனியாக இலை முன் உட்கார்ந்திருந்தார். நான் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் அவர் பக்கத்தில் இன்னொரு இலை போடச் சொன்னேன்.