நீல டேப் இடது, சிவப்பு டேப் வலது

'மார்ச் 14, வெள்ளி. இன்று ஒரு சிறு தவறு. சங்கிலிக்கு விட்ட எண்ணெயில் நாலு சொட்டு பிரேக் கட்டையில் விழுந்துவிட்டது.'

தம்பி எழுதி முடித்துவிட்டு, 'நாலு' என்பதை அடித்துப் 'பத்து' என்று திருத்தினான். டைரியிலாவது பொய் இருக்கக் கூடாது.

பாய்மரப் படகு அக்காவுடையது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதில்தான் அவளுக்குப் படகோட்டி உரிமத் தேர்வு. இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவது முறையும் போனால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை தீவுக்குப் போய்வரும் படகில் ஓட்டியாகச் சேர வேண்டிய வேலையும் கைவிட்டுப் போகும்.

"சக்கரத்தைத் திருப்பினா கீச்சு கீச்சுன்னு கத்துதுடா. அந்தச் சத்தத்துலயே எனக்குப் பாதி உசிரு போயிடுது. நீதான் பராமரிப்பு வகுப்புக்குப் போறியே, பாரேன்" என்று அவள் காலையில் சொன்னதுதான் ஆரம்பம்.

"நாலாம் பாடம்தான்க்கா முடிஞ்சிருக்கு."

"சக்கரம் எத்தனாவது?"

"அஞ்சாவது."

"ஒரு பாடம்தானே? முன்னாடியே படிச்சுக்கோ!"

படித்தான். சக்கரத்தைத் தாங்கும் தூணுக்குள் ஒரு சங்கிலி. சங்கிலியின் இரு முனைகளிலும் கம்பி வடங்கள். அவை தளத்துக்கு அடியில் ஓடி, பின்னாலிருக்கும் சுக்கானைத் திருப்பும். சங்கிலிக்கு எண்ணெய், பேரிங்குக்கு கிரீஸ், சக்கரம் தானாகச் சுழலாமல் பிடித்துவைக்கும் பிரேக்குக்கு இரண்டும் ஆகாது. மூன்றையும் குறித்துக்கொண்டான். மூன்றாவதில் வழுக்கினான்.

கீச்சுச் சத்தம் போனது. பிரேக்கும் கூடவே போனது. தொட்டாலே சக்கரம் தட்டாமாலை சுற்றியது.

"என்னடா, காத்தாடி மாதிரி சுத்துது?"

"தொடச்சா சரியாயிடும்க்கா. நீ போய்த் தூங்கு, நாளைக்குத் தேர்வு."

"மணி மூணுடா. பகல்!"

"அப்போ போய்ப் படி."

துடைக்க வேண்டுமென்றால் பிரேக் கட்டையை வெளியே எடுக்க வேண்டும். அதற்குச் சங்கிலியை எடுக்க வேண்டும். அதற்கு வடங்களைக் கழற்ற வேண்டும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

ஆனால் அவன் முறை தவறாதவன். சக்கரத்துக்குப் பின்னால் நின்று, இடது வடத்துக்கு நீல டேப்பும் வலது வடத்துக்குச் சிவப்பு டேப்பும் ஒட்டினான். சந்தேகம் வந்ததால் இன்னொரு சுற்றும் ஒட்டினான்.

கட்டையைத் துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது தூணின் மறுபக்கம் உட்கார்ந்தால்தான் கை எட்டியது. நீலம் இடது கைப்பக்கம், சிவப்பு வலது கைப்பக்கம். வடம் விறைத்தது, தளர்த்தினான். தொங்கியது, இறுக்கினான். உள்ளே வடங்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு போயின. சரி, ஒரே படகில் பிறந்தவை, பாசம் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

சக்கரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி ஓடியது!

காலை ஒன்பது மணிக்குத் தேர்வாளர் ஏறினார். படகு கிளம்பியது. தம்பி படகுத்துறையில் உட்கார்ந்து, தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்ள டைரியைத் திறந்தான். 'டேப் ஒட்டும்போது முகம்: படகின் முன்பக்கம்' என்று எழுதியிருந்தது. மாட்டும்போது முகம் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. யோசித்தான். பின்பக்கம்! துள்ளி எழுந்தான்.

"அக்கா! இடதுன்னா வலது! வலதுன்னா இடது! திரும்பி வந்துடு!"

காற்று பாதியைத் தின்றுவிட்டது. வாழ்த்துகிறான் என்று நினைத்து அக்கா கையசைத்தாள்.

முதல் மிதவை வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். மோதும் சத்தம் கேட்கவில்லை. திறந்து பார்த்தான். கவராயம் வைத்து வரைந்த மாதிரி படகு மிதவையைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது மிதவையும் அப்படியே. மூன்றாவதும். கடைசியில் துறையின் ஓரத்தில் பஞ்சு பஞ்சைத் தொட்டது போல் வந்து நின்றது.

அக்கா குதித்து இறங்கினாள்.

"டேய்! இன்னிக்குத்தான்டா அது என் பேச்சைக் கேட்டுச்சு! அப்படி என்னடா பண்ணினே?"

"நானா? நான்... எண்ணெய் விட்டேன்க்கா."

முழு நேரமும் முன்பக்கம் நின்று மிதவைகளையே பார்த்துக்கொண்டிருந்த தேர்வாளர், தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"பாஸ். சின்ன வயசுல சுக்கான் கட்டையை எதிர்ப்பக்கம் தள்ளித் திருப்புற படகு ஓட்டினவங்க இல்லையா, போன ரெண்டு தடவையும் அந்தப் பழக்கத்துல சக்கரத்தை எதிர்ப்பக்கமே திருப்பினாங்க. அது இன்னிக்கு அடியோட போயிடுச்சு!"

'மார்ச் 15, சனி. அக்கா பாஸ். நாளைய வேலை: நீலத்தையும் சிவப்பையும் இடம் மாற்றுவது. அதற்கு முன், அவள் தீவுப் படகில் ஏறுவதற்குள், அக்காவிடம் விஷயத்தைச் சொல்வது. ஷூ போட்டுக்கொள்ளவும். செருப்போடு ஓட முடியாது.'