சமாதானத்தின் பின்னங்கால்கள்

ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க உலகத்து அலுவலகங்கள் நாற்காலி மாற்றின, சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்தன. குதிரை வாங்கியது எங்கள் அலுவலகம் ஒன்றுதான். வரலாறு இதைத் தவறவிட்டுவிடக் கூடாது என்பதற்காக, விசாரணைக் குழுவின் செயலாளர் என்ற முறையில் நானே எழுதி வைக்கிறேன்.

வாங்கியது குட்டிக் குதிரை. குட்டி என்றதும் குழந்தை என்று நினைக்க வேண்டாம். ஏழு வயது. அந்த இனமே இடுப்புக்கு மேல் வளராது. மேலாளர் அதற்குச் 'சமாதானம்' என்று பெயர் வைத்தார். மூன்றாம் நாளே சமாதானம் அவர் முழங்காலில் உதைத்தது.

"பாருங்க, என்ன ஒரு பாசம்!" என்றார் அவர், நொண்டியபடியே. இரண்டடி பின்வாங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். அந்தப் பெருந்தன்மைக்கு நாங்கள் கைதட்டினோம். சமாதானம் மென்றுகொண்டே எங்களைக் கவனித்தது.

அதன்பின் நாளுக்கு நாலு உதை. நானும் பொறுப்புணர்ச்சியோடு 'அன்புப் பரிமாற்ற நெறிமுறை' ஒன்றை எழுதினேன்: உதைபட்டவர் பின்வாங்க வேண்டும், உதைத்தவருக்கு உடனடியாக பிஸ்கட் வழங்கப்பட வேண்டும். சட்ட ஆலோசகர் உதைக்கு முன்பே பிஸ்கட்டைக் கொடுத்துப் பார்த்தார். இரண்டும் நடந்தன. வரவேற்பறை, தாழ்வாரம், கூட்ட அறையில் பாதி என்று ஒவ்வொன்றாகச் சமாதானத்தின் ஆளுகைக்குள் போயின. நாங்கள் சுவரோரமாக நடக்கப் பழகினோம். மன அழுத்தம் குறைந்ததா என்று கேட்டுப் படிவம் வந்தது. குறைந்தது என்று எல்லோரும் நின்றபடியே நிரப்பினோம். உட்காரும் நிலையில் யாரும் இல்லை.

ஒரே ஒருவரை மட்டும் அது உதைக்கவில்லை. லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. அவர் தீவன வாளியோடு போனால், அது காதை மடக்கிக்கொண்டு பின்பக்கத்தைத் திருப்பும். அக்கா நகர மாட்டார். கயிற்றை லேசாக ஆட்டுவார். அது இரண்டடி விலகி, திரும்பி, தலையைத் தாழ்த்தி நின்ற பிறகுதான் வாளி கீழே இறங்கும்.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த தலைவரைச் சமாதானம் உதைத்த அன்று விசாரணைக் குழு அமைந்தது. எங்கள் மேலாளரே அந்தக் குழுவுக்குத் தலைவர்.

"உங்கள மட்டும் ஏன் உதைக்கல?" என்று அக்காவைக் கேட்டார்.

"நான் பின்னால போக மாட்டேன் சார், அதத்தான் போக வைப்பேன். யாரு யார நகத்துறாங்களோ அவங்கதான் பெரிய ஆளுன்னு குதிர நெனச்சுக்கும்."

"அப்ப நாங்கல்லாம் சின்ன ஆளா?"

"உதைச்சா பிஸ்கட் கெடைக்குதுன்னா அது என்ன சார் பண்ணும்? உதைக்கத்தான் செய்யும்."

"பிஸ்கட்டா? யாரு குடுத்தா?" என்றார் மேலாளர். அவர் சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "சார், மொத உதை விழுந்தப்ப நீங்க பக்கத்துலயேதான நின்னீங்க? சொல்லுங்க சார். ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க, இந்த வேலைய நம்பித்தான் இருக்கோம்."

நெறிமுறைக் கோப்பு என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. மேலாளர் என்னைப் பார்த்தார். என் நாற்காலி தானாகவே இரண்டடி பின்னால் போனது.

"அப்படி எதுவும் பதிவாகவில்லை" என்றேன்.

'அனைவரையும் உதைத்த குதிரை ஒருவரை மட்டும் உதைக்காதது, அந்த ஒருவரின் தூண்டுதலையே காட்டுகிறது' என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. அக்காவின் பணிநீக்க ஆணையை ஓர் எழுத்துப் பிழையும் இல்லாமல் தட்டச்சு செய்தேன். அவர் அதை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு போனார். வெட்கமாக இருந்தது. அதற்குப் படிவத்தில் இடமில்லை.

மேலாளர் என் தோளைத் தட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். உதைத்தவருக்கு உடனடியாக பிஸ்கட் வழங்கப்பட வேண்டும் என்று எழுதியவனே நான்தானே.