இரண்டு பேர் மேசை

"ஒராளோ, ரெண்டு பேரோ, அங்கிள்?"

"ரெண்டு பேர். சிநேகிதர் ஒருத்தர் வாறார்."

குளிருக்குப் பயந்துதான் கிருஷ்ணராசா அந்தப் பொய்யைச் சொன்னார். சோஹோவில் நூறு வருடம் தாண்டிய கோப்பிக் கடை அது. ஹீட்டருக்குப் பக்கத்து மேசைகள் இரண்டு பேராக வருபவர்களுக்கு. தனி ஆட்களுக்குக் கதவோர ஸ்டூல். கதவு திறக்கும்போதெல்லாம் ஜனவரி மாதம் முழுசாக உள்ளே வந்துவிட்டுப் போகும்.

மனைவி போன பிறகு ரெய்னர்ஸ் லேன் வீட்டில் அவரோடு பேசுவது வானொலி மட்டும்தான். அதனால் சனிக்கிழமைகளில் ரயிலேறி, லண்டனின் பழைய கோப்பிக் கடைகளைத் தேடிப்போவார். இந்தக் கடையில் அன்று அப்படிக் கேட்ட, பரிமாறும் பெண் புனிதா தமிழில் கதைத்ததால் பிறகு இங்கேயே வரத் தொடங்கினார்.

அன்று சிநேகிதர் வரவில்லை. ரயில் பிரச்சினை என்றார் கிருஷ்ணராசா. அடுத்த சனியும் வரவில்லை.

"அவருக்கு என்ன பேர், அங்கிள்?"

"கோபாலகிருஷ்ணன். முழங்கால் நோவு. நடக்க ஏலாது."

புனிதாவின் முகம் வாடிப்போனது. ஒரு துண்டு கேக்கைப் பொதி செய்து, "இதை அவரிட்டக் குடுங்கோ" என்றாள். கிருஷ்ணராசா அதை ரயிலிலேயே சாப்பிட்டு முடித்தார். நல்ல கேக்.

மறு வாரம், "கேக் பிடிச்சதோ?" என்றாள்.

"பிடிச்சது. ஆனா சுகர் கூடி ஆஸ்பத்திரியில."

"எந்த ஆஸ்பத்திரி? நாளைக்கு எனக்கு லீவு. போய்ப் பாக்கிறன்."

அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"வேண்டாம் பிள்ளை. அவர் நேற்று மோசம் போயிட்டார்."

புனிதா அழுதேவிட்டாள். வாழ்நாளில் ஒரு எறும்பையும் கொல்லாத மனிதர், கோப்பி ஆறும் நேரத்துக்குள் ஒரு கொலை செய்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை அவர் போனபோது, ஹீட்டரோர மேசையில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைப் பூக்கள். வாடிக்கையாளர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், மேசைக்கு ஒருவர்.

"அவரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ, அங்கிள்."

எழுந்து நின்றார். இத்தனை பேர் தன் முகத்தைப் பார்த்து எத்தனை வருடமாயிற்று என்று நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, இனி இந்தப் பக்கமே வராமல் இருப்பது என்று முடிவு செய்தார்.

"உண்மையில், கோபாலகிருஷ்ணன் என்று..." என ஆங்கிலத்தில் தொடங்கினார்.

மூலை மேசையில் தனியாக இருந்த நீலத் தொப்பி வெள்ளைக்காரக் கிழவி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் கலங்கியிருந்தன.

"எனக்கும் அவரைத் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் என்னோடுதான் கோப்பி குடிப்பார். எந்நேரமும் உங்களைப் பற்றித்தான் பேச்சு."