இடது பின்சக்கரத்தின் வாக்குமூலம்

தெருவிளக்குத் துறைக்குச் சொந்தமான பிக்கப் வண்டியின் இடது பின்சக்கரம், தான் ஓடவில்லை என்று முறைப்படி தெரிவித்துக்கொண்டது. தெரிவித்த நேரத்தில் வண்டி, முதுகில் ஏணியைச் சுமந்தபடி, கடைத்தெருவில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்தார். சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு கண்ணை உருட்டி, "நீ பார்த்தது தப்பு" என்றது.

வேறு சமயமாக இருந்தால் அந்த விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அப்படி வாயடைக்கப்பட்ட விளக்குகள் அந்த வண்டியில் ஏற்கெனவே உண்டு. இந்த முறை அது நடக்காது. அவருக்கு மாற்றல் வந்திருந்தது. அதுவும் மனைவி இருக்கும் ஊருக்கே. மனைவிக்கு நிறைமாதம். வண்டியை "சகல சக்கரங்களும் இயங்கும் நிலையில்" ஒப்படைத்தால்தான் இந்த ஆபீஸ் அவரை விடுவிக்கும்.

"என்னங்க, எப்பதான் வர்றீங்க?" என்றாள் மனைவி போனில்.

"ஒரு சக்கரம் மட்டும் முரண்டு பிடிக்குதும்மா. அதைச் சமாதானப்படுத்திட்டு ஓடி வந்துடறேன்."

"சக்கரம் நின்னா நிக்கட்டும். என் வயித்துல இருக்கிறது நிக்காது. அது ஒண்ணும் உங்க ஆபீஸ்ல வேலை பார்க்கலை."

துறை வண்டிகளைப் பார்ப்பது ஸ்பானர் அக்கா. ஸ்பானரைக் கையிலிருந்து கீழே வைத்தால் அவருக்குப் பேச்சு வராது என்பதால் வந்த பெயர். வண்டியில் ஸ்கேனரைச் செருகி, உதட்டைப் பிதுக்கி, நோயாளியின் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல ஓட்டுநரைப் பார்த்தார்.

"தம்பி, மனசைத் திடப்படுத்திக்கோ."

"அக்கா, ஆளைக் கொல்லாதீங்க. என்னன்னு சொல்லுங்க."

"சக்கரத்தோட சேர்ந்து பல்லு வச்ச வளையம் ஒண்ணு சுத்தும். பக்கத்துல ஒரு சென்சார் கண்ணு கொட்டாம உட்கார்ந்து பல்லை எண்ணும். இது எண்ணலை. வயரு அறுந்திருக்கணும், இல்ல சென்சார் செத்திருக்கணும், இல்ல நடுவுல யாராவது பூந்திருக்கணும்."

வயரை மீட்டரில் பார்த்தார். சுகம். இடது சென்சாரைக் கழற்றி வலதுக்கும், வலதை இடதுக்கும் மாற்றி மாட்டி ஒரு சுற்று ஓட்டினார். இப்போது வலது சக்கரம் ஓடவில்லை என்றது.

"ஆக, சக்கரம் யோக்கியன். சென்சார்தான் புளுகுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதை மறுபடி கழற்றி, நுனியில் அப்பியிருந்த கறுப்பு மசியைத் துணியால் துடைத்தார். உள்ளே பளபளவென்று ஒரு குட்டித் தகடு. அதில் துறையின் முத்திரை, பொருள் எண், "அழிப்பது குற்றம்" என்ற எச்சரிக்கை.

இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்: "ஸ்டோர்கீப்பர்!"

ஸ்டோர்கீப்பர் தம் சாதனையை மறுக்கவில்லை. பிரேக் வேலைக்காகப் பாகங்களைத் தார்ப்பாயில் பரப்பியிருந்த அன்று, அவர் பசைக் குழாயோடு அந்தப் பக்கம் போயிருக்கிறார்.

"ஒவ்வொரு பொருளுக்கும் தட்டையான பரப்புல தகடு ஒட்டணும்னு சுற்றறிக்கை. அந்தச் சாமானுக்குத் தட்டையா இருக்கிறது நுனி மட்டும்தான்."

"அது கண்ணு ஐயா! கண்ணு மேல ஒட்டி வச்சிருக்கீங்க!"

"சுற்றறிக்கையில கண்ணுன்னு எங்கயும் இல்லை. பரப்புன்னுதான் இருக்கு."

"அப்ப எடுத்துடறேன்."

"தாராளமா எடு. எடுத்த நிமிஷமே அது துறைப் பொருள் இல்லை. யாரோ ஒருத்தன் சாமானைத் துறை வண்டியில மாட்டின குற்றத்துக்கு உன்மேல நடவடிக்கை வரும். பரவாயில்லையா?"

"தகடு இருந்தா வேலை செய்ய மாட்டேங்குதே ஐயா!"

ஸ்டோர்கீப்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மிகுந்த பரிவோடு சொன்னார். "தம்பி, இருக்கிறது வேற, வேலை செய்யறது வேற. என்னையே பாரு. நான் வேலை செஞ்சா இங்க இருக்கேன்?"

மறுக்க முடியாத வாதம். சென்சாரைத் தகட்டோடு பழைய இடத்திலேயே மாட்டிக்கொண்டு, ஓட்டுநர் மேலதிகாரியிடம் ஓடினார்.

மேலதிகாரி அப்போதுதான் ஒரு பயிற்சி முகாமிலிருந்து திரும்பியிருந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது "டேட்டா" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் அடி எண்ணும் பட்டை கட்டியிருந்தார். நாற்காலியில் சாய்ந்தபடியே கையை ஆட்டி ஆட்டி, மதியச் சாப்பாட்டுக்குள் அன்றைய நடையை முடித்துவிடுவார். சுவரில் ஒரு பெரிய டிவி. துறை வண்டிகள் எங்கே நிற்கின்றன, எங்கே ஓடுகின்றன என்று அதில் புள்ளி புள்ளியாகத் தெரியும். வண்டிகளில் கண்காணிப்புப் பெட்டி பொருத்திய காண்டிராக்டர், கைக்கு எட்டிய வயர் இடது பின்சக்கரத்துடையதுதான் என்பதால், அதிலேயே இணைத்துவிட்டுப் போயிருந்தார். அந்தச் சக்கரம் சுற்றினால்தான் வண்டி நகர்ந்ததாகப் பெட்டி எழுதிக்கொள்ளும்.

"டேட்டாபடி உங்க வண்டி ஷெட்டை விட்டு நகரவே இல்லையே" என்றார் மேலதிகாரி.

"சார், இப்ப அதுலதான் சார் வந்தேன்."

"அது உங்க தனிப்பட்ட கருத்து."

"சார், ஜன்னல் வழியா பாருங்க. கீழ நிக்குது சார். ஏணி தெரியுது பாருங்க."

மேலதிகாரி ஜன்னலைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார். ஆடிக்கொண்டிருந்த கை நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரல் தேனாகிவிட்டது.

"அப்படின்னா, இந்த வண்டி எங்க போனாலும்..."

"ரெக்கார்டுல ஷெட்லதான் சார் இருக்கும்."

"டீசல் போட்டா?"

"நிக்கிற வண்டி குடிச்சதா காட்டும் சார்."

"பாவம், தாகமா இருந்திருக்கும்" என்றார் மேலதிகாரி. "உட்காருங்களேன். ஏன் நிக்கிறீங்க?"

அன்று சாயங்காலம் மேலதிகாரியின் சோபாவும் கட்டிலும் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. வண்டி ஷெட்டில் ஓய்வெடுத்தது. அடுத்து, கணக்குப் பிரிவின் ஃபிரிஜ் மச்சினன் வீட்டுக்குப் போனது. ஸ்டோர்கீப்பர் தம் மாடி அறைக்குச் செங்கல் ஏற்றினார், ஒரு செங்கல்லுக்குக்கூடத் தகடு ஒட்டாமலே. வண்டி பிறந்ததிலிருந்து இப்படி ஓடியதில்லை. அதற்கு "நிலையியங்கு ஊர்தி" என்று பெயர் சூட்டி, துறையின் முன்னோடித் திட்டமாக அறிவித்தார்கள். "விளக்கு எரியவில்லை, வண்டி எப்போது வரும்?" என்று கேட்ட பொதுமக்களுக்கு, "வண்டி நிலையாக உள்ளது" என்று உடனுக்குடன் பதில் போயிற்று.

ஓட்டுநருக்கும் இதில் ஒரு பங்கு கிடைத்தது. வண்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஓட்டுநரும் இருப்பதாகக் கருதப்படும் என்பது வருகைப்பதிவு விதி. எனவே அவர் மேட்னி ஷோ பார்த்தபோதும், வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்கியபோதும், ஷெட்டில் விறைப்பாகக் கடமையாற்றிக்கொண்டிருந்தார். அதை அவர் யாரிடமும் குறையாகச் சொல்லவில்லை.

விஷயம் மற்ற துறைகளுக்கும் பரவியது. ஸ்பானர் அக்காவின் வாசலில் வண்டிகள் வரிசை கட்டின.

"அக்கா, நம்ம வண்டிக்கும் அதே கோளாறு வேணும். அசல் மாதிரியே இருக்கணும்."

"ரிப்பேர்னா ஒரு ரேட்டு, கோளாறுன்னா டபுள். கெட்டதை நல்லதாக்க எவனும் பண்ணுவான் தம்பி. நல்லதைக் கெடுத்து, அது கெட்டுப்போனதே தெரியாம ஓட வைக்கணும்னா கலை வேணும்."

பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அந்தக் கலையைக் கற்றுக்கொண்டு போனார்கள்.

எல்லோருக்கும் சுகம். ஓட்டுநருக்கு மட்டும் மாற்றல் உத்தரவு மேசையில் தூசி படிந்து கிடந்தது.

"சார், ரிலீவ் பண்ணுங்க சார். வீட்ல இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்காங்க."

"சகல சக்கரமும் ஓடினா இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"அப்ப அந்தத் தகட்டைப் பிச்சு எறிஞ்சுடறேன் சார்."

"ஐயய்யோ, அதுல கை வச்சீங்க, தொலைச்சுடுவேன்!"

அறையை விட்டு வெளியே வந்ததும் போன் அடித்தது. "வலி எடுத்திடுச்சுங்க. ஆட்டோவுல ஏறிட்டோம். நீங்க லீவு கேட்டீங்களா, இல்லையா?"

ஓட்டுநர் யோசித்தார். வண்டி நகராது. வண்டி இருக்கிற இடத்தில்தான் தான் இருப்பது. நகராதவனுக்கு லீவு எதற்கு? ஏறி உட்கார்ந்தார். ஏணி கடகடக்க, மனைவியின் ஊரில், ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் பிரேக் போட்டார்.

உள்ளே கவுன்ட்டரில் ஒரு அம்மா, கம்ப்யூட்டருக்குப் பின்னால் நெற்றி மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, என் வீட்டுக்காரி உள்ள இருக்காங்க. குழந்தை பிறந்துடுச்சாம். என்ன குழந்தைம்மா?"

"அதை அப்பாகிட்டதான் சொல்லணும்."

"நான்தாம்மா அப்பா!"

அந்த அம்மா அவருடைய அடையாள அட்டையை வாங்கி, எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார். பிறகு முதல்முறையாக நிமிர்ந்து, திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அப்பா டூட்டில இருக்கார். ஷெட்ல. அரசு ஊழியர் வார்டுக்குள்ள ஊழியரை விடலாம். ஊழியர் மாதிரி இருக்கிறவரை எப்படி விடறது?"

"அந்த ஷெட்ல இருக்கிறவன் நான்தாம்மா!"

"அப்ப ஷெட்லயே இருங்க. இங்க வந்து ஏன் கூட்டம் போடறீங்க?"

ஓட்டுநர் சத்தியம் செய்தார். கெஞ்சினார். கடைசியில் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்: சென்சார், நுனி, தகடு, எல்லாவற்றையும். அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் இளகியது.

"முதல்லயே சொல்றதுக்கென்ன? போய் சென்சாரைச் சரி பண்ணுங்க. வண்டி வந்து சேர்ந்தா, நீங்களும் வந்து சேர்ந்ததா தானா காட்டும். உடனே பாஸ் தர்றேன்."

ஓட்டுநர் பாய்ந்து வண்டிக்கு அடியில் புகுந்தார். ஒரே ஒரு போல்ட்தான். கழற்றி, பிளேடால் தகட்டைப் பெயர்த்து, நுனியைச் சட்டையால் துடைத்து, திரும்ப மாட்டி முறுக்கினார். அத்தனை நாளும் ஒரு ஆபீஸையே கட்டிப்போட்ட வேலை, ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. வண்டியைக் கிளப்பி வாசலைத் தாண்டினார். மஞ்சள் விளக்கு மனசில்லாமல் அணைந்தது. மூச்சு வாங்க உள்ளே ஓடி வந்தார்.

"இப்ப பாருங்கம்மா!"

"ஓ, ஷெட்டை விட்டுக் கிளம்பிட்டீங்களே! நல்லது" என்றார் அந்த அம்மா மலர்ந்த முகத்தோடு. "இன்னும் நூத்தியெண்பது கிலோமீட்டர்தான் பாக்கி."

"நான் இங்கதானேம்மா நிக்கிறேன்!"

"நின்னா எப்படி வந்து சேருவீங்க? ஓட்டுங்க, ஓட்டுங்க. பார்வையாளர் நேரம் முடியறதுக்குள்ள வரப் பாருங்க."

சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதைத்தான் பெட்டி எண்ணும். எந்தப் பக்கம் போனது என்று கேட்காது. ஓட்டுநர் ஆஸ்பத்திரியைச் சுற்ற ஆரம்பித்தார்.

இரண்டாவது மாடியில் மனைவியின் கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். முதல் சுற்றில் ஏணியைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டாள். மடியில் இருந்ததைத் தூக்கிக் காட்டினாள்.

"இதோ பாரு, அப்பா... போயிட்டார். இரு, வருவார். இதோ, அப்பா... போயிட்டார்."

"என்ன குழந்தை?" என்று கத்திக்கொண்டே போனார் அவர். பதில் அடுத்த சுற்றில்தான் வந்து சேர்ந்தது.

"பொண்ணு!"

"யார் மாதிரி இருக்கு?"

ஒரு சுற்று.

"உங்க ஆபீஸ் மாதிரி! தட்டி எழுப்பினாலும் முழிக்க மாட்டேங்குது!"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிரேக்கில் கால் வைக்கப் போனார். பின்னால் ஹாரன் அலறியது. கண்ணாடியில் பார்த்தார். பூங்காத் துறை வண்டி ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது.

"நிறுத்தாதீங்கண்ணே!" என்று அதன் ஓட்டுநர் தலையை நீட்டினான். "எங்க அம்மாவுக்கு உள்ள ஆபரேஷன். நான் இன்னும் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கேன்!"

அவனுக்குப் பின்னால் ஒரு குடிநீர் லாரி. அதற்குப் பின்னால் கால்நடைத் துறை வேன், ஓட்டுகிறவர் முகத்தில் தாங்க முடியாத பல்வலி. இடது சக்கரம் கூடுதலாகச் சுற்றட்டும் என்று எல்லா வண்டியின் வலது பக்கமும் ஆஸ்பத்திரியை ஒட்டியே வர, எல்லா ஓட்டுநரும் தங்கள் தங்கள் ஷெட்டிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டே இருந்தார்கள்.

எதிரே பஸ் நிறுத்தத்தில் கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. பல வருஷமாக மனுப் போட்டுப் போட்டு விரல் தேய்ந்த ஜனங்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கவர்மென்ட் வண்டி இத்தனை ஒண்ணா ஓடி நான் பார்த்ததே இல்லைங்க."

"எங்கே போகுது எல்லாம்?" என்று கேட்டாள் பக்கத்தில் நின்ற ஒரு பெண்.

"எங்கே போனா என்னம்மா? ஓடுதா இல்லையா, அதைப் பாரு" என்று அதட்டிவிட்டு, அவர் கை தட்ட ஆரம்பித்தார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, எல்லோரும் தட்டுகிறார்களே என்று, அவளும் தட்டினாள்.