மந்திரியோட கட்டி

மந்திரிக்குக் கட்டிங்கிற விஷயம் மனைவி காதுக்குப் போகவே கூடாது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அன்னைக்குக் காலையில எடுத்த முடிவு இது. மந்திரிங்கிறது அவர் வீட்டு நாய். கூப்பிட்டா வராது, அதனால அந்தப் பேரு.

விலாவுல எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. தொட்டதும் கையை வெடுக்குன்னு எடுத்துட்டார். புற்றுநோயா இருந்தா? மனைவிக்குத் தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவா, அங்க ஊசியால குத்துவாங்க. போன தடவை மந்திரிக்குத் தடுப்பூசி போட்டப்போ மயங்கி விழுந்தது மந்திரி இல்லை.

"இனிமே நாயை நானே குளிப்பாட்டுறேன்"னார்.

"நீங்களா?"

"நானேதான். சீவுறது, நடக்கக் கூட்டிட்டுப் போறது எல்லாம் என் பொறுப்பு. நீ தொடவே வேணாம்."

"சரிங்க." வீட்டம்மா துண்டை அவர் தோள்ல போட்டுட்டுப் போயிட்டாங்க. இவளை ஏமாத்துறது இவ்வளவு சுலபமான்னு அவருக்கே பாவமா இருந்தது.

நாலாம் நாள் வேலை முடிஞ்சு வந்து பார்த்தா, கட்டியைச் சுத்தி முடியே இல்லை. வழவழன்னு இருக்கு. போச்சு, நோய் முத்திடுச்சு! அன்னையிலருந்து இன்னும் அக்கறையாக் குளிப்பாட்டினார். ரெண்டு வேளை நடத்தினார். தன் தட்டுல இருந்த முட்டையைக்கூட நாய்க்கே வச்சார். இருபதாம் நாள் சோப்பும் கையுமா குளியலறையில விசும்பிட்டிருந்தப்போ வீட்டம்மா எட்டிப் பார்த்தாங்க.

"என்னங்க, கண்ணுல சோப்பா?"

"மந்திரி நம்மளை விட்டுப் போயிடுவான்டி. கட்டி. முடியெல்லாம் கொட்டிடுச்சு."

"கொட்டலை. மழிச்சாங்க."

"யாரு?"

"நாய் டாக்டரம்மா. பதினஞ்சு வருஷத்துல ஒரு டம்ளர்கூடக் கழுவாத மனுஷன் நாயைக் குளிப்பாட்டுறேன்னா சந்தேகம் வராதா? நீங்க வேலைக்குப் போனதும் தடவிப் பார்த்துட்டேன்."

"ஊசி குத்தினாங்களா?" அவர் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டார்.

"ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. கைக்கு அடக்கமா ஒரு மிஷின். கட்டி மேல வச்சா லேசா சூடாக்கும். சூடு எப்படி ஏறுது, எப்படி இறங்குதுன்னு அளந்து ஒரு எண் காட்டும். எண் பெருசா இருந்தாத்தான் ஊசி வச்சு எடுத்துப் பார்க்கணுமாம். இவனுக்குச் சின்ன எண். பெரும்பாலும் வெறும் கொழுப்புதான்னாங்க. இவன் அதுக்குள்ள தூங்கியே போயிட்டான்."

மெக்கானிக் ஈர நாயைக் கட்டிப்பிடிச்சார். சூட்டையும் குளிரையும் நம்பிப் பொழைக்கிற ஆளு அவர். அந்த மிஷினைக் கண்டுபிடிச்சவங்க இருக்கிற திசை தெரியாம, நாலு பக்கமும் ஒரு கும்பிடு போட்டார். அப்புறம்தான் உறைச்சது.

"அடிப்பாவி! பதினாறு நாளா ஏன்டி சொல்லலை?"

"சொல்லியிருந்தா குளிப்பாட்டியிருப்பீங்களா?"

எப்பேர்ப்பட்ட மூளைடா இதுன்னு அவருக்கு உள்ளுக்குள்ள பெருமையா இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்காம, "நாளையிலருந்து நீயே குளிப்பாட்டு"ன்னார்.

"முடியாதுங்க. கட்டி வளருதான்னு ஒரே ஆள் தடவிப் பார்த்துட்டு வரணுமாம், கை மாறக் கூடாதாம். டாக்டரம்மா கொடுத்த தாள்ல பொறுப்பாளர்னு உங்க பேரை எழுதிட்டேன்."

"என் கையெழுத்து இல்லாம எப்படிடி?"

வீட்டம்மா தாளை நீட்டினாங்க. கையெழுத்து இருந்தது. அவர் போடுறதைவிட அழகாவே இருந்தது.